அத்தானுக்கு முட்டை கொடுக்கலாமா?

குழு: வடக்குத் தெரு குடும்பம்

ஞாயிறு, இரவு

அக்கா: சளிப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. இவருக்கு டிபிதான், நுரையீரலில். நாளை காலையிலிருந்து மாத்திரை. ஒவ்வொருவருக்கும் போன் செய்து சொல்லத் தெம்பில்லை, அதனால் இங்கேயே போடுகிறேன்.

சித்தி: ஐயோ முருகா. இரண்டு மாசமாக இருமுகிறார், இருமுகிறார் என்று சொல்லிக்கொண்டே இருந்தாயே.

அக்கா: கடையில் வாங்கிய இருமல் மருந்திலேயே இரண்டு மாசம் ஓடிவிட்டது சித்தி.

சித்தி: பிள்ளைகள் இரண்டு பேரையும் நாளைக்கே இங்கே அனுப்பிவிடு. மாப்பிள்ளையைக் கொஞ்ச நாள் தோட்டத்து வீட்டில் வைக்கலாம். தட்டு, டம்ளர், பாய் எல்லாம் தனியாக இருக்கட்டும்.

பெரியப்பா: தாம்பரம் சானடோரியத்தில் சேர்ப்பதே உத்தமம். 1928இலேயே தொடங்கிய ஆஸ்பத்திரி அது. என் தாய்மாமா அங்கே பதினோரு மாதம் இருந்து குணமாகி வந்தார். ரயில் நிலையத்துக்கே அந்தப் பெயர்தான். பாலும் முட்டையும் நேரத்துக்குக் கொடுப்பார்கள், ஓய்வும் கிடைக்கும்.

தம்பி கதிர்: அக்கா, நான் திருப்பூரிலிருந்து கிளம்பி வரட்டுமா?

அத்தான்: எல்லாவற்றையும் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். தோட்டத்து வீட்டுக்குப் போகச் சொன்னாலும் போகிறேன். பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகக் கூடாது, அவ்வளவுதான்.

சித்தி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

சித்தி: மாப்பிள்ளை, நான் தவறாக எதுவும் சொல்லவில்லை. பயத்தில் சொல்லிவிட்டேன்.

மலர்: இப்போதுதான் டூட்டி முடிந்தது. எல்லாரும் கொஞ்சம் பொறுங்கள், ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

மலர்: முதலில் அக்காவிடம் சில கேள்விகள். அத்தான் பிடிமானம் இல்லாமல் தானாக எழுந்து நிற்கிறாரா? கணுக்காலில் விரலால் அழுத்தினால் குழி விழுகிறதா? விரலில் கிளிப் மாட்டி ஆக்சிஜன் பார்த்தார்களா? எடை, உயரம் என்ன?

அக்கா: நிற்கிறார். வீக்கம் எதுவும் இல்லை. ஆக்சிஜன் 97 என்று எழுதியிருக்கிறார்கள். எடை 41.5. உயரம் 165. போன பொங்கலுக்கு 54 கிலோ இருந்தார் மலர். மில்லில் மூட்டை தூக்கிய ஆள். இப்போது சட்டை தோளில் நிற்கவில்லை.

மலர்: சரி. நான் கேட்டதெல்லாம் என் சொந்தக் கேள்விகள் இல்லை. தமிழ்நாட்டில் 2022இல் காசநோய் இறப்பில்லா திட்டம் வந்ததிலிருந்து, நோய் உறுதியானதும் எல்லாருக்கும் இதைப் பார்க்கிறார்கள். டிபியில் இறப்பவர்களில் பெரும்பாலோர் முதல் இரண்டு மாதத்திலேயே போய்விடுகிறார்கள். எழுந்து நிற்க முடியாதவர், மூச்சு வாங்குபவர், எலும்பும் தோலுமாக இருப்பவர் யார் என்று முதல் நாளிலேயே கண்டுபிடித்து வார்டில் சேர்த்துவிட வேண்டும். அத்தானுக்கு அந்த நிலைமை இல்லை. வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். ஆனால் எடை மிகவும் குறைவு. எனக்கு அதுதான் கவலை.

மலர்: பெரியப்பா, சானடோரியம் பற்றிச் சொன்னீர்கள். உங்கள் மாமா காலத்தில் அதுதான் வழி. வீட்டிலேயே வைத்துக் குணப்படுத்தலாம் என்று உலகத்துக்குக் காட்டியதும் நம் ஊர்தான். 1956இல் சென்னை சேத்துப்பட்டில் இதற்கென்று ஒரு ஆராய்ச்சி மையம் தொடங்கினார்கள். ஏழை வீட்டு நோயாளிகள் 193 பேர். ஒரு பகுதியினர் சானடோரியத்தில், மற்றவர்கள் குடிசையோ ஒண்டுக்குடித்தனமோ, தங்கள் வீட்டிலேயே. இரண்டு பக்கமும் அதே மாத்திரை, ஒரு வருடம். 1959இல் முடிவு வந்தது. குணமானது இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுபோல. வீட்டில் வைத்தவர்களின் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாக ஒட்டவும் இல்லை. அதற்கப்புறம்தான் உலகம் முழுக்க சானடோரியங்கள் காலியாயின. எத்தனை பேர் பெண்டாட்டி பிள்ளைகளைப் பிரியாமல் குணமானார்கள் என்று நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனசு நிறைந்துவிடும்.

மலர்: அதனால் சித்தி, தோட்டத்து வீடு வேண்டாம். தட்டு டம்ளரால் இது பரவாது, இருமும்போது காற்றில்தான் பரவும். ஜன்னலைத் திறந்து வையுங்கள். அத்தான் கொஞ்ச நாள் மாஸ்க் போடட்டும், பிள்ளைகள் தனியாகப் படுக்கட்டும். மாத்திரை தொடங்கிய சில வாரங்களிலேயே பரவுவது வெகுவாகக் குறைந்துவிடும். வீட்டில் எல்லாரும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். நோய் இல்லை என்று தெரிந்ததும் தடுப்பு மாத்திரை கொடுப்பார்கள்.

தம்பி கதிர்: அத்தானுக்குக் கையில் டிபிக்குப் போடும் பிசிஜி தடுப்பூசித் தழும்பு இருக்கிறதே. அப்புறம் எப்படி வந்தது?

மலர்: அந்த ஊசி சின்னக் குழந்தைகளை மூளைக் காய்ச்சல் வகை டிபியிலிருந்து காப்பாற்றும். பெரியவர்களின் நுரையீரல் நோயை அது தடுப்பதில்லை. அதையும் செங்கல்பட்டில்தான் பார்த்தார்கள். 1968இல் தொடங்கி இரண்டரை லட்சம் பேருக்கு மேல் சேர்த்து, 15 வருடம் பின்தொடர்ந்தார்கள். பெரியவர்களுக்கு ஒரு பலனும் தெரியவில்லை. புதுத் தடுப்பூசி ஒன்றைச் சோதிக்க 2024 மார்ச்சில் தென்னாப்பிரிக்காவில் பெரிய ஆய்வு தொடங்கியிருக்கிறார்கள். ஆனால் அது வரும்வரை நாம் காத்திருக்க முடியாது.

செவ்வாய், காலை

அக்கா: மலர், சிறுநீர் குங்குமத்தைக் கரைத்த மாதிரி சிவப்பாகப் போகிறது என்று பயப்படுகிறார்.

மலர்: மாத்திரையின் நிறம்தான். ரிஃபாம்பிசின் என்ற மருந்து அப்படித்தான் செய்யும், பயம் இல்லை. கண் மஞ்சளானாலோ, வாந்தி நிற்காமல் வந்தாலோ உடனே சொல். அதைத் தள்ளிப்போடக் கூடாது.

அக்கா: இன்னொன்று. முட்டை கொடுக்கலாமா? அத்தை வேண்டாம் என்கிறார். முட்டையும் கறியும் சூடு, சளி கூடிவிடும், மாத்திரை முடிகிறவரை கஞ்சியும் ரசமும் போதும் என்கிறார்.

சித்தி: எனக்கும் அப்படித்தான் ஒரு தகவல் வந்தது. இந்த மருந்துக்குப் பத்தியம் இருக்க வேண்டுமாம்.

மலர்: கொடு அக்கா. தினமும் இரண்டு. மதுவைத் தவிர இந்த மருந்துக்குப் பத்தியமே கிடையாது. கஞ்சியும் ரசமும் மட்டும் கொடுத்தால் ஆள் எழுந்திருக்க மாட்டார். அத்தையிடம் நான் போனில் பேசுகிறேன், நீ சண்டை போடாதே.

மலர்: ஏன் இவ்வளவு அடித்துச் சொல்கிறேன் என்றால், ஜார்க்கண்டில் ஒரு ஆய்வு நடந்தது. 2019இல் தொடங்கியது, 2023 ஆகஸ்டில் லான்செட் மருத்துவ இதழ்களில் வெளியானது. அனுராக் பார்கவா, மாதவி பார்கவா என்ற மங்களூரு மருத்துவர்களும், நான் சொன்ன சேத்துப்பட்டு மையம் பிறகு வளர்ந்து உருவான நிறுவனமும் சேர்ந்து செய்தது. 2,800 நோயாளிகள், அவர்களின் வீடுகளில் பத்தாயிரம் பேருக்கு மேல். நோயாளி எல்லாருக்கும் மாதம் 10 கிலோ உணவுப் பை. அரிசி, பருப்பு, பால் பவுடர், எண்ணெய், கூடவே சத்து மாத்திரை. தொடக்கத்தில் பத்தில் எட்டுப் பேருக்கு எடை போதாது. முதல் இரண்டு மாதத்தில் 5 சதவீதம் எடை கூடியவர்களுக்கு இறப்பு அபாயம் 61 சதவீதம் குறைவாக இருந்தது.

மலர்: அத்தானுக்கு 5 சதவீதம் என்றால் இரண்டு கிலோவும் கொஞ்சமும். 43.6 வர வேண்டும். அந்த எண்ணை அடுப்படிச் சுவரில் எழுதி வை.

பெரியப்பா: மலர், ஒரு சந்தேகம். சானடோரியத்தில் நல்ல சாப்பாடு, வீட்டில் ஏழைச் சாப்பாடு, இரண்டும் ஒன்றுபோலக் குணமானது என்று நேற்று முன்தினம் நீதான் சொன்னாய். அப்படியானால் சாப்பாட்டுக்கு இதில் வேலை இல்லை என்றுதானே ஆகிறது? இன்று முட்டைதான் உயிர் காக்கும் என்கிறாய்.

மலர்: சரியான கேள்வி பெரியப்பா. எங்கள் வார்டிலும் பல வருடம் அப்படித்தான் நினைத்தோம். மருந்து இருக்கிறது, மற்றதெல்லாம் இரண்டாம் பட்சம் என்று. சேத்துப்பட்டில் கேட்டது, மருந்து கிருமியைக் கொல்வதற்குப் படுக்கையும் ஓய்வும் சத்துணவும் கட்டாயமா என்பதுதான். கட்டாயமில்லை என்று தெரிந்தது. கிருமி சாகிறவரை ஆள் தாங்க வேண்டுமே, வீட்டில் மற்றவர்களுக்கு வராமல் இருக்க வேண்டுமே, அந்தக் கேள்விகள் வேறு.

மலர்: இதையும் சொல்லிவிடுகிறேன். எடை கூடியதால்தான் பிழைத்தார்கள் என்று அந்த 61ஐ வைத்து அறுதியிட முடியாது. பிழைக்கிற உடம்பில் எடை தானாகக் கூடியும் இருக்கலாம். உணவு கொடுக்காமல் ஒரு கூட்டத்தை வைத்து ஒப்பிடவில்லை, நோயாளி எல்லாருக்குமே பை கொடுத்தார்கள். ஒப்பிட்டுப் பார்த்தது குடும்பங்களைத்தான். பாதி ஊர்களில் வீட்டாருக்கும் உணவு. பெரியவர் ஒருவருக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, தினம் ஒரு சத்து மாத்திரை. மீதி ஊர்களில் வீட்டாருக்கு அது இல்லை. உணவு கிடைத்த வீடுகளில் மற்றவர்களுக்கு டிபி வருவது 39 சதவீதம் குறைந்தது. சளியில் கிருமி உறுதியான நுரையீரல் நோயை மட்டும் எடுத்தால் 48 சதவீதம். அரிசியும் பருப்பும் பெரியப்பா, வேறொன்றும் இல்லை.

பெரியப்பா: அரிசியும் பருப்பும் கிருமியை எப்படித் தடுக்கும்?

மலர்: கிருமி உள்ளே போன எல்லாருக்கும் நோய் வருவதில்லை. பத்தில் ஒருவருக்குக்கூட வராது. நுரையீரலில் உள்ள அணுக்கள் அதை விழுங்கிவிடும். கொல்ல முடியாவிட்டால் மற்ற அணுக்கள் சுற்றி நின்று வேலி போட்டுவிடும். கிருமி உள்ளேயே வருடக்கணக்கில் தூங்கும். நெல்வயலுக்குப் போட்ட முள்வேலி மாதிரி அதை விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அதற்கு உடம்பில் புரதம் வேண்டும். வருடக்கணக்கில் அரைவயிறு என்றால் வேலி தளர்ந்துவிடும்.

பெரியப்பா: புரிகிறது.

செவ்வாய், இரவு

மலர்: அக்கா, உன் எடை என்ன?

அக்கா: எனக்கென்ன, நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

மலர்: எடை கேட்டேன்.

அக்கா: இவருக்குப் பார்த்த அன்று என்னையும் ஏற்றினார்கள். 38.7.

மலர்: நேற்று இரவு என்ன சாப்பிட்டாய்?

அக்கா: இவர் வைத்த கஞ்சி மீதி இருந்தது. ஊறுகாய் தொட்டுக்கொண்டேன்.

மலர்: முட்டை?

அக்கா: இரண்டு அவருக்கு, பிள்ளைகளுக்கு ஒவ்வொன்று.

மலர்: அக்கா, வார்டில் நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு அம்மா தினமும் தூக்குவாளியில் புருஷனுக்குச் சாப்பாடு கொண்டுவருவார். பக்கத்திலேயே உட்கார்ந்து மீன் முள் எடுத்து ஊட்டுவார். நீங்கள் சாப்பிட்டீர்களா என்று கேட்டால், வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவேன் என்பார். அவர் புருஷன் எழுந்து நடந்து போனார். எட்டு மாதம் கழித்து அந்த அம்மா அதே வார்டுக்கு வந்தார், நோயாளியாக. வளையலை முழங்கைவரை தள்ள முடிந்தது. அவரை எடை பார்க்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் அப்போது தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

மலர்: ஜார்க்கண்டில் வீட்டாருக்கு என்று கொடுத்தார்களே, அந்த வீட்டாரில் ஒருத்தி நீதான். அத்தான் தட்டில் முட்டை வைக்கும்போதே உன் தட்டிலும் வை. அவர் சாப்பிட்டு முடிகிறவரை காத்திருக்காதே.

அத்தான்: இன்றைக்கு மூன்று முறை சொல்லிப் பார்த்தேன் மலர். கேட்கவில்லை. நாளையிலிருந்து அவள் உட்காராமல் நான் மாத்திரை போட மாட்டேன்.

மலர்: அத்தான், மாத்திரையை மட்டும் பணயம் வைக்காதீர்கள், அது ஒரு நாளும் தவறக் கூடாது. சோற்றை வேண்டுமானால் நிறுத்தி வையுங்கள், அவளாக வந்து உட்காருவாள்.

தம்பி கதிர்: முட்டைச் செலவு என்னுடையது. மாசம் ஐந்து அட்டை, கடைக்காரருக்கு ஜிபே போட்டுவிட்டேன். அரசுப் பணமும் வருமா?

மலர்: வரும். நோயாளியின் வங்கிக் கணக்கில் மாதம் 1,000 ரூபாய். 2018இல் 500ஆகத் தொடங்கியது, 2024 நவம்பரிலிருந்து இரட்டிப்பாக்கினார்கள். அக்கா, பாஸ்புக் நகல் கொடுத்தாயா என்று பார்.

சித்தி: வேர்க்கடலையும் வெல்லமும் வீட்டில் இருக்கிறது. ஞாயிறன்று உருண்டை பிடித்து நானே எடுத்து வருகிறேன். மாப்பிள்ளை, அங்கேயே சாப்பிட்டுவிட்டுத்தான் போவேன்.

பெரியப்பா: பால் என் பொறுப்பு. காலையில் ஒரு லிட்டர்.

நான்கு வாரம் கழித்து, திங்கள்

அக்கா: இன்று ரேஷன் கடைத் தராசில் ஏறினார். 42.3. இருமல் பாதி குறைந்துவிட்டது. ஆனால் காலையில் குமட்டுகிறது.

மலர்: நல்ல ஏற்றம்தான். கொஞ்சம் கொஞ்சமாக ஆறு வேளை கொடு. பிள்ளைகள் எக்ஸ்ரே?

அக்கா: இரண்டு பேருக்கும் ஒன்றுமில்லை. எனக்கும் இல்லை. தடுப்பு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், வாரம் ஒரு நாள், 12 வாரம்.

மலர்: மாரியம்மா காப்பாற்றினாள். உன் எடை?

அக்கா: அடுத்த முறை.

எட்டாவது வாரம், ஞாயிறு

அத்தான்: 44.1. சுவரில் எழுதியிருந்த எண்ணை என் மகளே அடித்துவிட்டு 46 என்று எழுதியிருக்கிறாள்.

தம்பி கதிர்: அத்தான்!!!

சித்தி: பழனிக்கு வேண்டியிருக்கிறேன் மாப்பிள்ளை.

பெரியப்பா: மிக்க மகிழ்ச்சி. மாத்திரை ஆறு மாதம் என்பதை மறக்க வேண்டாம்.

மலர்: ஆமாம் பெரியப்பா, நன்றாக இருக்கிறதே என்று நிறுத்துவது இந்த நேரத்தில்தான். அத்தான், அக்காவைத் தராசில் ஏற்றினீர்களா?

அத்தான்: ஏற்றினேன். வர மாட்டேன் என்றாள், பிடித்து இழுத்து ஏற்றினேன். 40.4.

அக்கா: செருப்போடு ஏற்றிவிட்டார் மலர். நாளைக்கு செருப்பில்லாமல் பார்த்துச் சொல்கிறேன்.