நம் வீட்டுப் பிள்ளைகள் மாதிரி பிள்ளைகள் வருகிற படப் புத்தகங்கள் வேண்டும்

சேலத்துச் சித்தப்பா:

எல்லாருக்கும் வணக்கம். அண்ணன் மகளுக்கு ஐந்து வயது, மகனுக்கு மூன்று. அண்ணன் லாரி ஓட்டுகிறார், அண்ணிக்கு மில்லில் ஷிஃப்டு, அதனால் பிள்ளைகள் இரண்டும் பெரும்பாலும் எங்கள் அம்மாவிடம்தான் வளர்கிறார்கள். வீட்டில் ஆடு, கோழி, ஒரு நாட்டு நாய் எல்லாம் உண்டு. இந்தப் பொங்கலுக்குத் துணியோடு கொஞ்சம் புத்தகமும் வாங்கித் தரலாம் என்று கடைக்குப் போய்ப் புரட்டினால் தங்க நிற முடி இளவரசி, பனியில் நடக்கிற கரடி, அதை விட்டால் கடைசிப் பக்கத்தில் நீதி போட்ட கதைகள். நம் ஊர்க் குடும்பம் என்று வருகிற ஒன்றிரண்டிலும் அப்பா சோபாவில் பேப்பர் படிக்கிறார், அம்மா அடுப்படியில் நிற்கிறார், வீட்டில் எல்லாருமே ரோஸ் நிறம்.

பாப்பா நல்ல கறுப்பு. சொந்தக்காரர்களே அதை வைத்து அவளைச் சீண்டுவதைப் பார்த்து எனக்கு வயிறு எரிகிறது. அவள் மாதிரி ஒரு பிள்ளை கதையில் முக்கியமான ஆளாக வர வேண்டும், ஆனால் நிறத்தைப் பற்றிப் பாடம் எடுக்கிற கதையாக அது இருக்கக் கூடாது, மரம் ஏறட்டும், ஆடு தேடட்டும், ஏதாவது செய்யட்டும். அம்மா எழுத்துக் கூட்டித்தான் படிப்பார், அதனால் எழுத்து பெரிதாகவும் வாக்கியம் சின்னதாகவும் இருந்தால் நல்லது. 1500 ரூபாய் வரை செலவு செய்யலாம். பதிப்பகப் பெயர் சொன்னால்கூடப் போதும்.

வாசிப்பு மேசை:

நீங்கள் கேட்கிற மாதிரிப் புத்தகங்கள் இருக்கின்றன சகோ, ஆனால் பொம்மைக் கடையிலோ ஸ்டேஷனரிக் கடையிலோ கிடைக்காது. சென்னையில் 1996 முதல் இயங்கும் தூலிகா பதிப்பகத்தில் ஆரம்பியுங்கள். படப் புத்தகங்களைத் தமிழ், ஆங்கிலம் உட்பட ஒன்பது மொழிகளில் போடுகிறார்கள், கதைகளில் வருவது நம் தெரு, நம் பண்டிகை, நம் பாட்டிகள். காணாமல் போன பூனையைத் தேடி மரத்தில் ஏறும் டிப் டிப் என்கிற சிறுமியின் கதை ஒன்று உண்டு. அவள் சக்கர நாற்காலியில் போகிறவள், ஆனால் கதை முழுக்கப் பூனையைப் பற்றித்தான். நிறம் விஷயத்தில் நீங்கள் விரும்புவது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

தாரா புக்ஸும் சென்னைதான், 1994 முதல். கோண்டுப் பழங்குடி ஓவியர்கள் பஜ்ஜு ஷ்யாம், துர்கா பாய், ராம் சிங் உர்வேதி மூவரும் மரங்களை வரைந்த அவர்களுடைய புத்தகத்துக்கு 2008-ல் இத்தாலியின் பொலோன்யா சிறார் புத்தக விருது கிடைத்தது. கறுப்புத் தாளில் ஒவ்வொரு நிறமாகத் திரை அச்சுப் போட்டு, கையால் தைத்துச் செய்த புத்தகம். பார்த்தால் கீழே வைக்க மனம் வராது, ஆனால் உங்கள் பணத்தில் பெரும்பகுதியை அது ஒன்றே தின்றுவிடும், மூன்று வயசுக்காரன் கையில் கொடுக்கவும் முடியாது. நேஷனல் புக் டிரஸ்டின் நேரு பால புஸ்தகாலயா வரிசை விலை குறைவு, அதில் ஐந்தாறு எடுத்துக்கொள்ளுங்கள். பாரதி புத்தகாலயம், வானம் பதிப்பகம் இரண்டையும் பாருங்கள், தமிழிலேயே எழுதப்பட்ட சிறார் கதைகள் அங்கே நிறைய உண்டு.

கோடும் வண்ணமும்:

நான் சிறார் புத்தகங்களுக்குப் படம் வரைகிறவள். அம்மா எழுத்துக் கூட்டிப் படிப்பார் என்று சொன்னீர்களே, அதற்காக ஒன்று சொல்கிறேன். பல மொழிகளில் வரும் படப் புத்தகத்தில் வண்ணங்களுக்கான அச்சுத் தகடுகள் எல்லா மொழிக்கும் பொது, எழுத்து அச்சாகும் கறுப்புத் தகடு மட்டும்தான் மொழிக்கு மொழி மாறும். செலவு குறைய இதுதான் வழி, இல்லாவிட்டால் தமிழில் இத்தனை வண்ணப் புத்தகங்கள் வந்தே இருக்காது. ஆனால் கதை முதலில் ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருந்தால், படத்தில் எழுத்துக்கு விட்ட இடமும் அந்த ஆங்கில அளவுக்குத்தான் இருக்கும். தமிழ் அதைவிட நீளும், அப்புறம் அதே இடத்தில் அடைக்க எழுத்தைச் சிறிதாக்குவார்கள். பாட்டிக்கும் பிள்ளைக்கும் அதுதான் கஷ்டம். அதனால் வாங்கும் முன் நடுவில் ஏதாவது ஒரு பக்கத்தை விரித்து வாய்விட்டுப் படியுங்கள், மூச்சு வாங்கினால் வைத்துவிடுங்கள்.

நிறத்தைப் பொறுத்தவரை அட்டையை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள், உள்ளே கூட்டம் இருக்கும் பக்கத்தைப் பாருங்கள். கதாநாயகி மட்டும் கறுப்பாக, சுற்றி இருக்கும் எல்லாரும் வெளுப்பாக இருந்தால் அவளைத் தனியாக நிறுத்திக் காட்டுகிறார்கள் என்று அர்த்தம். சந்தை, பஸ், பள்ளிக்கூடம் என்று வரைந்தால் கருமை, மாநிறம், வெளுப்பு எல்லாம் கலந்துதான் இருக்க வேண்டும், நம் ஊர் அப்படித்தானே இருக்கிறது. நான் இதற்காகச் சண்டை போட்டிருக்கிறேன், இனியும் போடுவேன்.

ஒன்றாம் வகுப்பு டீச்சர்:

கரூர் மாவட்டத்து அரசுப் பள்ளியிலிருந்து எழுதுகிறேன். பாப்பா அரசுப் பள்ளியில் சேர்ந்ததும் வாசிப்பு இயக்கப் புத்தகங்களைக் கேளுங்கள். நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிநிலைகளில் பள்ளிக் கல்வித் துறை கொடுத்த சின்னச் சின்னப் புத்தகங்கள் அவை, முதல் படிநிலையில் வாக்கியங்கள் சின்னவை, உங்கள் அம்மாவும் சேர்ந்து படிக்கலாம்.

விலங்குகள் பற்றி யாரும் சொல்லவில்லை. எங்கள் பக்கத்துக் கடவூர் மலையில் தேவாங்கு இருக்கிறது, இந்தியாவின் முதல் தேவாங்கு சரணாலயத்தை 2022-ல் இங்கேதான் அறிவித்தார்கள், கரூர், திண்டுக்கல் இரண்டு மாவட்டத்திலும் சேர்த்து 11,806 ஹெக்டேர். ஆனால் என் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பென்குயினை நன்றாகத் தெரியும், தேவாங்கைப் படத்தில்கூடப் பார்த்ததில்லை. தேவாங்கு மாதிரி முழிக்கிறான் என்று பெரியவர்கள் திட்டுவதைக் கேட்டுத்தான் அந்தப் பெயரே தெரியும். பெரிய கண்ணை வைத்துக்கொண்டு ராத்திரியில் பூச்சி பிடித்துத் தின்று நம் காட்டில் வாழ்கிற உயிர், வசைச்சொல்லாக மட்டும் பிள்ளைகள் காதில் விழுவது எனக்கு ஆறவில்லை. கீரி, ஓணான், மைனா, உங்கள் வீட்டு ஆடு, நாட்டு நாய் வருகிற புத்தகமாகத் தேடுங்கள். பிள்ளை வாசலில் பார்ப்பதும் புத்தகத்தில் பார்ப்பதும் ஒன்றானால் அதுவே பேச ஆரம்பித்துவிடும்.

சேலத்துச் சித்தப்பா:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. இன்னும் ஒன்று, போனில் படிக்கிற மாதிரி ஏதாவது உண்டா? அண்ணன் வண்டியிலிருந்து ராத்திரி வீடியோ காலில் வருவார், அவரும் கதை சொல்ல ஆசைப்படுகிறார்.

வாசிப்பு மேசை:

உண்டு. பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்துக்குப் போங்கள், எல்லாம் இலவசம், இறக்கி அச்சடிக்கவும் அனுமதி இருக்கிறது. தமிழைத் தேர்ந்தெடுத்து, எளிமையான முதல் நிலை, இரண்டாம் நிலைக் கதைகளை மட்டும் பாருங்கள். தன்னார்வலர்கள் மொழிபெயர்த்தவையும் இருப்பதால் தரம் ஒரே மாதிரி இருக்காது, நீங்கள் முதலில் படித்துப் பார்த்து நல்லதாகப் பத்துப் பொறுக்கி அண்ணனுக்கு அனுப்புங்கள். அதே பத்தையும் அச்சடித்து ஸ்டேப்ளர் போட்டு வீட்டில் கொடுத்துவிட்டால் அவர் அங்கே படிக்கப் படிக்கப் பிள்ளைகள் இங்கே பக்கம் புரட்டலாம். கலர் அச்சு வேண்டாம், கறுப்பு வெள்ளையிலேயே எடுங்கள், பாப்பாவே கிரேயான் வைத்து வண்ணம் போட்டுக்கொள்வாள்.