போய்வந்த ஊரைப் பற்றிச் சொல்லப்போய் மாட்டிக்கொண்ட அனுபவம் உண்டா?

வைகைக்கரை:

தனுஷ்கோடிக்கு இங்கே பாதிப்பேர் போயிருப்பீர்கள், அதனால் வர்ணனை வேண்டாம். நான் போனது ஒரு ஜூன் மாத வெயிலில். திரும்பி வந்ததும் ஆபீசில் சொல்ல ஆரம்பித்தேன். 1964 டிசம்பர் புயல், ராத்திரியில் கடலோடு போன ரயில், இடிந்து நிற்கும் சர்ச், 2017-இல் அரிச்சல்முனை வரை ரோடு திறந்தது, ஒரு பக்கம் வங்கக்கடல், மறுபக்கம் இந்துமாக்கடல். வீட்டில் ஒத்திகையே பார்த்திருந்தேன். ரயில் பாம்பனைத் தாண்டுவதற்குள் ஒருத்தர் எழுந்து "சாப்பிடப் போலாமா?" என்றார். கதை அங்கேயே முடிந்தது.

அன்று ராத்திரி அம்மா போனில் கேட்டது ஒரே கேள்வி: "அந்த வெயில்ல தண்ணி கிண்ணி கிடைச்சுதாடா?"

அப்போதுதான் அந்த ஆத்தா ஞாபகத்துக்கு வந்தார். சர்ச் பக்கம் சங்கும் பாசியும் விற்கிறவர். என் பாட்டில் காலி. குடிக்கத் தண்ணீர் கேட்டேன். கொட்டாங்கச்சியை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் பின்னால் போனார். மணலில் ஒரு குழி, ஆழம் இடுப்பளவுகூட இல்லை. அடியில் ஊறிக் கிடந்ததை மொண்டு கொடுத்தார். இரண்டு பக்கமும் கடல் இரைகிறது, இதை எப்படிக் குடிப்பது என்று வாயில் வைத்தால் துளி உப்பு இல்லை. நான் முழித்த முழியைப் பார்த்து, "ஆழமாத் தோண்டுனாக் கரிக்கும். மேலாப்புல எடுக்கணும்" என்றார்.

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் "கடல் பக்கத்துலயா? நல்ல தண்ணியா?" என்று மூன்று தடவை கேட்டாள். மறுநாள் தெருவுக்கே தெரிந்துவிட்டது.

என்னை உறுத்துவது வேறு. குடித்துவிட்டுப் பத்து ரூபாயை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. ஒரு பாசிமாலையை எடுத்து என் கையில் வைத்து, "இதுக்குக் குடு. இருபது ரூபா" என்றார். இந்தப் பகுதியை மட்டும் நான் யாரிடமும் சொன்னதில்லை. உங்களுக்கு அப்படி ஏதாவது?

குன்னூர் மாப்பிள்ளை:

ஊட்டி ரயில். எல்லாருக்கும் தெரிந்ததுதான், நேரே விஷயத்துக்கு வருகிறேன். கல்லாறு தாண்டிப் பல்சக்கரத் தண்டவாளம் ஆரம்பித்தால் குன்னூர் வரை எஞ்சின் பின்னால் இருந்து தள்ளும். ஒவ்வொரு பெட்டியின் முன்பக்கத்திலும் ஒரு பிரேக்ஸ்மேன் நிற்பார். ஹில்குரோவில் தண்ணீர் பிடிக்க வண்டி நின்றபோது எங்கள் பெட்டிக்காரரிடம் ஒரு கேள்வி: "எஞ்சின் பின்னால இருக்கே, முன்னால யானை நின்னா டிரைவருக்கு எப்படித் தெரியும்?" அவர் கையிலிருந்த கொடியை ஆட்டிக் காட்டி, "கண்ணு நாங்கதானுங்க, காலு அவரு" என்றார்.

ஒன்பது வருடமாக இதை நான் சொல்லாத கல்யாண வீடு கிடையாது. 208 வளைவு, 16 குகை, 46 கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட 5 மணி நேரம் என்று ஆரம்பித்துக் கடைசியில் இந்த வசனத்தில் முடிப்பேன். கைதட்டல் நிச்சயம்.

போன தை மாதம் மச்சினன் வீட்டு விசேஷம். சொல்லி முடித்ததும் என் மனைவி இலையைப் பார்த்தபடியே, "அது நீங்க கேட்டது இல்லைங்க. நம்ம பையன் கேட்டது" என்றாள். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, பாயசம் வந்துவிட்டது. பையன் இரண்டு இலை தள்ளி உட்கார்ந்திருந்தான். பத்தாவது படிக்கிறான். இத்தனை வருடம் நான் "அப்ப நான் கேட்டேன்" என்று சொல்லும்போதெல்லாம் பக்கத்தில் இருந்தவன்தான், ஒரு தடவைகூட மறுத்ததில்லை. பொய் சொல்லும் எண்ணம் எனக்கு இல்லை, சத்தியமாக நான் கேட்டதாகத்தான் ஞாபகம். ஆனால் அவள் சொன்ன பிறகு அந்தக் கேள்வி என் குரலில் கேட்க மாட்டேன் என்கிறது.

கறார்க்காரன்:

முதல் பதிவருக்கு ஒரு திருத்தம். வடக்கே இருப்பது பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. வங்கக்கடல், இந்துமாக்கடல் என்பது வேன் டிரைவர்கள் சொல்கிற கணக்கு. அங்கே மீன் பிடிக்கிறவர்களைக் கேட்டால் அமைதியாகக் கிடப்பதைப் பெண்கடல், அலையடிப்பதை ஆண்கடல் என்பார்கள். இதைச் சொல்லியிருந்தால் ஆபீசில் அந்த ஆள் சாப்பிட எழுந்திருக்க மாட்டார். தண்ணீரிலும் அதிசயம் இல்லை. மணலில் இறங்கும் மழைநீர் உப்புநீரைவிட எடை குறைவு, அதனால் மேலே தங்கிவிடுகிறது. ஆத்தா சொன்னது சரியான பாடம்.

இரண்டாமவருக்கு: ஞாபகமாவது கத்தரிக்காயாவது. எங்கே சொன்னால் கைதட்டு விழும் என்று தெரிந்ததும் ஞாபகம் தானாக அந்தப் பக்கம் சாயும்.

நான் ஏன் இவ்வளவு கறார் என்று கேட்பீர்கள். ஹம்பியில் விட்டலர் கோயில் இசைத்தூண்கள். தட்டிப் பார்த்தேன், ச ரி க ம எல்லாம் வந்தது என்று நண்பர்கள் நடுவில் அளந்தேன். தட்ட அனுமதியே கிடையாது, நான் தூரத்தில் நின்று பார்த்ததோடு சரி. ஆறு மாதம் கழித்து அதே கும்பலில் ஒருத்தன் அங்கிருந்தே போன் செய்தான். "மச்சி, கிட்டவே விட மாட்டேங்கிறாங்க, நீ எந்தத் தூண்ல தட்டினே?" ஸ்பீக்கரில் போட்டிருக்கிறான், பின்னால் நாலு பேர் சிரிப்பது கேட்கிறது. "அப்ப விட்டாங்கடா" என்றேன். இன்னொரு பொய். இன்றைக்கும் நான் எந்த ஊரைப் பற்றி வாயைத் திறந்தாலும் அவர்கள் மேஜையில் விரலால் தட்டுவார்கள்.

ஓய்வுபெற்ற டீச்சர்:

30 வருடம் தமிழாசிரியை. ஒன்பதாம் வகுப்பைக் கொல்லிமலைக்குக் கூட்டிப்போனோம். மறுநாள் வழக்கம்போல 'நான் சென்ற சுற்றுலா' கட்டுரை. 42 நோட்டு. எல்லாவற்றிலும் அதிகாலை புறப்பட்டார்கள், வல்வில் ஓரி ஆண்டான், அறப்பளீசுவரரைத் தரிசித்தார்கள், ஆகாய கங்கையில் குளித்தார்கள், மகிழ்ச்சியுடன் வீடு திரும்பினார்கள்.

ஒரு பெண் மட்டும் வாந்தியைப் பற்றி எழுதியிருந்தாள். அந்த மலைப்பாதையில் 70 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றிலும் எண் போட்ட பலகை உண்டு. எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு பலகைகளை எண்ணிக்கொண்டே போயிருக்கிறாள். 24-வதில் முடியவில்லை. அருவிக்கு இறங்காமல் பஸ்ஸிலேயே படுத்திருக்கிறாள். கிளீனர் அண்ணன் துணைக்கு உட்கார்ந்து, தன் மகளுக்கும் இப்படித்தான், அதனால் அவளை இதுவரை மலைக்குக் கூட்டிவந்ததே இல்லை என்று சொன்னாராம். கடைசி வரி: 'நான் அருவியைப் பார்க்கவில்லை.'

பத்துக்கு மூன்று போட்டேன். சிவப்பு மையில் 'தலைப்பை ஒட்டி எழுதவும்' என்று குறிப்பு வேறு. மற்ற 41 பேர் எழுதியதில் ஒரு வரிகூட இன்றைக்கு எனக்கு நினைவில்லை.

அதனால் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். முதலில், கிளம்பியதிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், எந்த ஓட்டலில் இட்லி என்பது கேட்பவருக்கு வேண்டாம், இட்லியில் ஏதாவது நடந்திருந்தால் ஒழிய. ராத்திரி படுக்கும் முன் மூன்று வரி எழுதி வையுங்கள். அதில் ஒரு வரி யாரோ ஒருவர் பேசியது, அவர் பேசியபடியே இருக்கட்டும். குன்னூர்க்காரர் அன்றைக்கே எழுதியிருந்தால் யார் கேட்டது என்ற வழக்கே வந்திருக்காது. பஸ் டிக்கெட்டை நோட்டில் ஒட்டுங்கள், தேதியும் ஊரும் அதிலேயே இருக்கும். சொல்வதற்கு முன் போட்டோவைக் காட்டாதீர்கள், காட்டிவிட்டால் கேட்பவர் மனதில் எதுவும் உருவாகாது. அந்த ஊருக்குப் போகாத ஒருவரிடம் முதலில் சொல்லிப் பாருங்கள். அவர் கண் எங்கே அலைகிறதோ அங்கே வெட்டுங்கள். வரலாறு சொல்லத்தான் வேண்டும் என்றால் அந்த இடத்து மனிதர் ஒருவர் வாயால் வரட்டும். செலவுக் கணக்கைக் கேட்டால் மட்டும் சொல்லுங்கள். இன்னும் இருக்கிறது, கை வலிக்கிறது.

பல்லவன் பஸ் ரசிகன்:

டீச்சர், டிக்கெட் ஒட்டும் யோசனை காகித டிக்கெட் காலத்துக்குச் சரி. இப்போது மெஷினில் கிழித்துத் தருவது சூடுபட்டால் கறுக்கும் காகிதம், நாளாக ஆக எழுத்து மங்கிவிடும். என்னிடம் ஒரு நோட்டு முழுக்க வெள்ளைச் சீட்டு ஒட்டியிருக்கிறது, எந்த ஊர் எது என்று தெரியாது. ஒட்டுகிறவர்கள் பக்கத்தில் பேனாவால் எழுதுங்கள்.

கறார்க்காரரே, ஆபீஸ்காரர் பெண்கடல் என்றாலும் எழுந்துதான் போயிருப்பார். அவருக்குப் பசி.

வடமராட்சியான்:

வாசித்துக்கொண்டு போனேன், எழுத வேணும்போல இருந்தது. சண்டையால் 1990-இல் நின்ற ரயில், 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் வரை திரும்ப ஓடத் தொடங்கினது. அடுத்த வருசம் கனடாவிலிருந்து வந்து கொழும்புக் கோட்டை ஸ்டேசனில் யாழ்தேவி ரயில் ஏறினேன். முன்சீட்டில் ஒரு குடும்பம், ஏழெட்டு வயதுப் பெடியன் ஒருத்தன், கொழும்பிலேயே வளர்ந்தவன். யன்னலோரம் அவன்.

ஆனையிறவு வந்தது. இரண்டு பக்கமும் தண்ணி, வெளிச்சம் கண்ணைக் கூசுது. பெட்டியில் பெரியாக்கள் எல்லாரும் கதையை நிற்பாட்டிவிட்டினம். பெடியன் திரும்பிப் பார்த்து, "அங்கிள், இது என்ன இடம்?" என்று என்னைக் கேட்டான். சொன்னேன். "யானை இருக்கோ?"

அந்தக் காலத்தில் வன்னியில் பிடிக்கிற யானைகளை இந்தக் கடல்நீரேரி தாண்டித்தான் யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோவினம், பிறகு கப்பலில் ஏற்றுவினம் என்று சொன்னேன். யானை நீந்துமோ, கப்பல் தாழாதோ என்று அவன் கேட்கக் கேட்க எனக்குத் தெரிந்ததும் தெரியாததும் சொல்லிக்கொண்டு வந்தேன். அவன்ர தாய் என்னையே பார்த்துக்கொண்டிருந்தா. இறங்கும்போது, "நல்ல காலம் அண்ணை, யானையோட நிப்பாட்டினீங்கள்" என்றா.

ரொறன்ரோவில் பிள்ளைகள் "ட்ரெயின் எப்பிடி அப்பா?" என்று கேட்டவை. அவைக்கும் யானைக் கதைதான். மிச்சத்தை எப்ப சொல்லுறது, ஆருக்குச் சொல்லுறது என்று தெரியேல்லை. டீச்சரம்மா சொன்ன மாதிரி மூன்று வரி நானும் அண்டு இரவு எழுதப் பார்த்தேன். இடத்தின்ர பெயர் மட்டும் எழுதியிருக்கு.

ஓய்வுபெற்ற டீச்சர்:

ஐயா, அது போதும். நான் எழுதிய அறிவுரையில் பாதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

வைகைக்கரை:

கறாருக்குப் பதில் எழுதலாம் என்று வந்தேன், மனமில்லை. ஒரு தகவல் மட்டும். நேற்று அம்மா பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போது குழியை நானே கையால் தோண்டியிருக்கிறேன். ஆத்தா காணாமல் போய்விட்டார். நான் குறுக்கே போய், "இல்லம்மா, அந்த ஆத்தா" என்று ஆரம்பித்தால், "நீ சும்மா இருடா, உனக்குச் சொல்லத் தெரியாது" என்கிறாள். அக்காவும் என்னைப் பேச விடவில்லை.

பாசிமாலை அலமாரியில்தான் கிடக்கிறது. அதையும் சேர்த்துச் சொல்லிவிடலாமா என்று பார்க்கிறேன்.

குன்னூர் மாப்பிள்ளை:

இதையெல்லாம் படித்துவிட்டு நேற்று ராத்திரி பையனைக் கூப்பிட்டேன். "அந்த ரயில் கேள்வி நீ கேட்டதுதானாம், நான் கேட்டதாகச் சொல்லிட்டேன், தப்புதான்" என்றேன். சொல்வதற்குக் கொஞ்சம் சிரமமாகத்தான் இருந்தது.

அவன் போனிலிருந்து தலையைத் தூக்கி, "எந்தக் கேள்விப்பா?" என்றான். யானை, கொடி, கண்ணு, காலு எல்லாம் எடுத்துச் சொன்னேன். "அது நீங்க கல்யாண வீட்டுல சொல்றதுதானே? எனக்கு அந்த ட்ரெயின்ல ஞாபகம் இருக்கிறது ஒண்ணே ஒண்ணு. ஹில்குரோவ்ல குரங்கு என் முறுக்குப் பாக்கெட்டைப் பிடுங்கிட்டுப் போச்சு. நீங்க இன்னொண்ணு வாங்கித் தரவே இல்லை."