துத்தநாகம் காரத்தில் மெதுவாகக் கரைவது ஏன்? விளக்கம் வேண்டுகிறேன்

வேதியியல் ஆசிரியர்களுக்கும் ஆர்வலர்களுக்கும் வணக்கம்.

நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஹைட்ரஜனை வெளியேற்ற இயலாத செம்பு, நைட்ரிக் அமிலத்தில் கரைவதை மாணவர்களுக்கு எளிதில் விளக்கிவிடலாம். காரங்களுக்கு வரும்போதுதான் சிக்கல். சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் அலுமினியத்தின் ஆக்சைடு படலம் அலுமினேட்டாகக் கரைந்துவிட, வெளிப்படும் உலோகம் நீரையே ஒடுக்கி (அதற்கு எலக்ட்ரான் கொடுத்து) ஹைட்ரஜனைத் தருகிறது என்பதும், அதைவிட வினைத்திறன் மிக்க மெக்னீசியம் தன் ஹைட்ராக்சைடு காரத்தில் கரையாததால் தப்பிவிடுகிறது என்பதும் தெளிவு.

ஆனால் துத்தநாகமும் ஈரியல்பு (அமிலம், காரம் இரண்டுடனும் வினைபுரியும் தன்மை) உடையதுதானே? அறை வெப்பநிலையில் அது அலுமினியத்தைவிட மிக மெதுவாகக் கரைவதற்கு மின்முனை அழுத்த (உலோகம் எலக்ட்ரானை இழக்கும் போக்கைக் காட்டும் அளவு) வேறுபாடு (அட்டவணையில் அலுமினியத்துக்கு -1.66 வோல்ட், துத்தநாகத்துக்கு -0.76 வோல்ட்; இம்மதிப்புகள் காரக் கரைசலுக்கு அப்படியே பொருந்தா) மட்டுமே காரணமா, அல்லது துத்தநாகப் பரப்பில் ஹைட்ரஜன் உருவாவது மந்தமாக இருப்பதா?

நீர்த்த கந்தக அமிலத்தில் தூய துத்தநாகத்துடன் சில துளி செம்பு சல்பேட்டைச் சேர்த்தால் வினை விரைவுபடுகிறது. காரத்தில், துத்தநாகத்தை இரும்புக் கம்பியுடன் தொடவைத்து இதே விளைவைக் காட்ட முடியுமா? செய்து பார்த்தவர்கள், பயன்படுத்திய கரைசலின் செறிவையும் குறிப்பிட்டு எழுதினால் பேருதவியாக இருக்கும். சூடான காரத்தை வகுப்பறைக்குள் கொண்டுவர விருப்பமில்லை என்பதால், குளிர்ந்த கரைசலில் செய்யத்தக்க முறையையே எதிர்பார்க்கிறேன்.