சவுனாவை 'நீராவிக் குளியல்' என்று எழுதலாமா?

பொருள்: சவுனா – தமிழ்ச்சொல் வேண்டும்

அன்புள்ள குழுமத்தாருக்கு,

மருத்துவச் சொற்பட்டியலின் சகர வரிசையில் 'சவுனா' (உட்கார்ந்து வியர்ப்பதற்கான பின்லாந்து வெப்ப அறை) இன்னும் முடியாமல் நிற்கிறது. இதழ்களிலும் உடற்பயிற்சிக் கூடப் பலகைகளிலும் 'நீராவிக் குளியல்' என்று எழுதிவருகிறார்கள். அதை நாம் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது என் கருத்து. காரணத்தைச் சொல்லிவிட்டு உங்கள் சொற்களைக் கேட்கிறேன்.

நீராவிக் குளியல் அறையில் வெப்பம் 40 முதல் 50 பாகை செல்சியஸ். காற்றில் ஈரம் நிறைந்து எதிரில் இருப்பவர் முகமே தெரியாது. பின்லாந்துச் சவுனாவில் தலைமட்டத்தில் 80 முதல் 100 பாகை. ஈரப்பதமோ 10, 20 விழுக்காடுதான். காற்று தெளிவாக இருக்கும். 90 பாகையில் அங்கே பத்து நிமிடம் உட்கார முடிவது வியர்வை உலர்ந்து தோலைக் குளிர்விப்பதால். ஈரம் நிறைந்த அறையை அந்த வெப்பத்துக்கு ஏற்றினால் உள்ளே போனவர் வெந்துபோவார்.

இன்னொரு காரணம், இந்தப் பெயரோடு சேர்த்துப் பரவும் மருத்துவச் செய்தி. பின்லாந்தின் குவோப்பியோ வட்டாரத்தில் 42 முதல் 60 வயது வரையிலான 2,315 ஆண்களை ஏறத்தாழ 20 ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு 2015-இல் வெளிவந்தது. வாரம் ஒரு முறை சவுனாவுக்குப் போனவர்களோடு ஒப்பிட்டால், 2, 3 முறை போனவர்களிடம் திடீர் இதயச் சாவு 22 விழுக்காடு குறைவு. 4 முதல் 7 முறை போனவர்களிடம் 63 விழுக்காடு குறைவு. உள்ளே இருந்த நேரமும் கணக்கில் வந்தது: 11 நிமிடத்துக்கும் குறைவாக இருந்தவர்களைவிட 19 நிமிடத்துக்கு மேல் இருந்தவர்களுக்கு 52 விழுக்காடு குறைவு. இது உற்றுநோக்கல் ஆய்வு. நல்ல உடல்நிலை உள்ளவர்தான் அடிக்கடி போவார் என்ற ஐயத்தை எந்தக் கணக்கும் முழுக்கப் போக்காது. அதைவிட நமக்கு முக்கியம், அந்த எண்கள் எல்லாம் 80 பாகையை ஒட்டிய உலர்ந்த சவுனாவுக்கு உரியவை என்பது. 'நீராவிக் குளியல் இதயத்துக்கு நல்லது' என்று தலைப்பிட்டால், அளந்தே பார்க்காத ஒன்றுக்கு அந்த எண்களைத் தூக்கிக் கொடுத்ததாகிவிடும்.

சொல் சொல்லுங்கள்.

அன்புடன்,
மருத்துவச் சொற்பட்டியல் பணியிலிருந்து

---

பொருள்: மறுமொழி: சவுனா – தமிழ்ச்சொல் வேண்டும்

ஐயா, வணக்கம்.

//சவுனாவை 'நீராவிக் குளியல்' என்று எடுத்துக்கொள்ளக் கூடாது//

கட்டுமானக்காரர்களும் அதையேதான் சொல்வார்கள். வரைபடத்தில் 'நீராவி அறை' என்று எழுதினால் மேஸ்திரி சுவருக்கு ஓடு ஒட்டி, சாய்தளக் கூரை போட்டு, வெளியே கொதிகலன் வைத்துக் குழாய் இழுத்துவிடுவார். சவுனாவுக்கு ஓடு ஆகாது. அலுமினியத் தகட்டுத்தாளால் ஈரத்தடுப்பு, அதன்மேல் காற்றோட்ட இடைவெளி விட்டு மரப்பலகை. அறைக்குள்ளேயே கல் நிரப்பிய அடுப்பு. பலகையும் பிசின் கசியாத ஆஸ்பென், ஆல்டர் போன்ற மரமாக இருக்கவேண்டும். உட்காரும் பலகையில் திருகாணியை அடியிலிருந்துதான் ஏற்றுவார்கள். 90 பாகையில் மரத்தின்மேல் உட்காரலாம். ஆணித்தலை பட்டால் தோல் சுட்டுவிடும்.

என் முன்மொழிவு: இடத்துக்கு அனலறை. அனல் என்றால் தணலிலிருந்து முகத்தில் அடிக்கும் வறண்ட சூடு. அனல் காற்று, அனல் மின் நிலையம் என்று நாக்குக்குப் பழகிய சொல். அடுப்புக்குக் கற்கணப்பு. 'கல்லடுப்பு' என்றால் மூன்று கல் கூட்டிய சமையலடுப்பு நினைவுக்கு வரும்; கணப்பு, குளிர் காயும் நெருப்புக்கே உரிய சொல். படிப்படியாக உயரும் இருக்கைக்குப் பரண். மேற்பரண் கூரைக்கு 100 முதல் 120 செ.மீ. கீழே இருக்கும். அதில் உட்கார்ந்தவரின் பாதம் அடுப்பின் கல்மட்டத்துக்குக் கீழே போகக் கூடாது. போனால் தலை கொதிக்கும், கால் சில்லிட்டிருக்கும். ஒற்றைத் திண்ணை மட்டும் போட்ட சவுனாக்களில் எல்லாம் இந்தக் குறைதான்.

மின்னடுப்பாக இருந்தால் அறையின் ஒரு கனமீட்டருக்கு ஒரு கிலோவாட் என்பது கைக்கணக்கு. கண்ணாடிக் கதவு, கல் சுவர் இருந்தால் அந்தப் பரப்பில் ஒவ்வொரு சதுரமீட்டருக்கும் 1.2 கனமீட்டர் கூட்டிக்கொள்ளவேண்டும். அடுப்பு சிறிதாகப் போனால் அறை எப்படியோ சூடேறிவிடும், கல் ஏறாது.

கல் ஏறாவிட்டால் என்ன ஆகும் என்பதைத் தோசைக்கல்லில் பார்க்கலாம். காய்ந்த கல்லில் தெளித்த நீர் 'சுர்' என்று உருண்டோடி மறையும். காயாத கல்லில் நீர் பரவிக் கிடந்து மெல்லப் புகையும். சவுனாக் கல்லிலும் அப்படியே: 200 பாகைக்கு மேல் ஏறிய கல் நீரை அப்போதே ஆவியாக்கும், ஏறாத கல்லில் நீர் இடுக்கில் வழிந்து அடித்தட்டில் தேங்கும்.

கல்லை நெருக்கி அடுக்கினால் காற்று ஓடாமல் மின்கம்பி சூடேறி அறுந்துபோகும். ஆண்டுக்கு ஒரு முறை எல்லாவற்றையும் இறக்கி, பொடிந்ததை நீக்கி, மீண்டும் தளர்வாக அடுக்கவேண்டும். ஆற்றங்கரைக் கூழாங்கல்லைக் கொண்டுவந்து போடக் கூடாது, உள்ளே ஈரம் இருந்தால் தெறிக்கும். பெரிடோடைட், ஆலிவின் டயபேஸ் போன்ற கனத்த தீப்பாறைகளைத்தான் போடுகிறார்கள்.

---

பொருள்: மறுமொழி: மறுமொழி: சவுனா – தமிழ்ச்சொல் வேண்டும்

அன்புடையீர்,

அனலறை கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நம்மிடம் இருக்கும் வேது என்ற சொல்லை யாரும் எடுக்காதது வருத்தமாக இருக்கிறது. சித்த மருத்துவம் புறமருத்துவ முறைகளை 32 என்று வகுக்கிறது. கட்டு, பற்று, ஒற்றடம், பூச்சு என்ற வரிசையில் வேதுவும் ஒன்று. 'வேது பிடித்தல்' என்றால் நொச்சியோ வேம்போ கொதிக்கவைத்து, போர்வைக்குள் உட்கார்ந்து, வியர்க்க வியர்க்க ஆவி வாங்குவது. வியர்க்கவைப்பதே நோக்கம் என்றால் 'வேதறை' ஏன் கூடாது?

---

பொருள்: மறுமொழி: வேது

அம்மா, வணக்கம்.

வேது அருமையான சொல், அதில் இரண்டு கருத்தில்லை. அதனாலேயே அதை வேறிடத்துக்கு மாற்ற மனம் வரவில்லை. நீங்களே எழுதியபடி அது கொதிநீரின் ஆவி, ஈரச் சூடு. அதை 'நீராவிக் குளிய'லுக்குக் கொடுத்தால் அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தும். குமரி மாவட்டத்திலும் மலையாளத்திலும் பிள்ளை பெற்றவளுக்கு இலை அவித்த நீரில் செய்யும் குளியல் வேதுக்குளி. அந்தப் பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது, நாம் போய் அதன்மேல் மரப்பலகையை அடிக்க வேண்டாம்.

'வெதுப்பறை' என்று ஒருவர் தனிமடலில் கேட்டிருந்தார். இலங்கையில் வெதுப்பகம் என்றால் பாண் (ரொட்டி) சுடும் இடம். அங்கே அந்தச் சொல் அன்றாடப் புழக்கத்தில் இருப்பதால் குழப்பம் உறுதி.

இனி நான் சொல்லவந்தது. இடத்தின் பெயரைச் சவுனா என்றே வைத்துக்கொள்ளலாம். பின்லாந்தில் அது ஒரு வகைக் கட்டடத்தின் பெயர் என்பதோடு நிற்பதில்லை. ஏறத்தாழ 55 லட்சம் பேர் உள்ள நாட்டில் சவுனாக்கள் 30 லட்சத்துக்கும் மேல். முன்பு பிள்ளைப்பேறும் அங்கேதான், இறந்தவரைக் குளிப்பாட்டியதும் அங்கேதான். 2020 டிசம்பரில் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் அதைச் சேர்த்தது. தாம்பெரே நகரில் 1906-இல் திறந்த ராயபோர்த்தி பொதுச்சவுனா இன்றும் நடக்கிறது. இப்படி ஓர் ஊரின் வாழ்வோடு ஒட்டிய பெயரை இட்லியைப் போல அப்படியே வாங்கிக்கொள்வதுதான் மரியாதை. 'சானா', 'சோனா' எல்லாம் ஆங்கில வாயின் திரிபு. பின்லாந்து மொழியான பின்னியத்தில் 'அவு' என்ற கூட்டுயிரொலி தெளிவாகக் கேட்கும். சகரம் அ, ஐ, ஔ மூன்றோடும் சொல்லுக்கு முதலில் வராது என்பது தொல்காப்பிய விதி. நன்னூல் அதைத் தளர்த்திவிட்டது. சட்டியும் சந்தையும் இருக்கும் மொழியில் சவுனாவும் இருக்கலாம்.

தமிழ்ச்சொல் உண்மையில் வேண்டியது வேறு ஒன்றுக்கு. கல்லில் நீரை வார்த்ததும் எழுந்து, கூரையைத் தொட்டு, முதுகில் வந்து இறங்குகிறதே, அந்த ஆவிக்குப் பின்னியத்தில் 'லொய்லு' என்று தனிப்பெயர். அது இல்லாவிட்டால் சூடான அறை இருக்கும், சவுனா இருக்காது. அந்தச் சொல்லின் பழைய பொருள் மூச்சு, உயிர். அதன் உறவுச்சொல்லான 'லேலெக்' இன்றும் ஹங்கேரிய மொழியில் ஆன்மாவைக் குறிக்கிறது. நீர் மூச்சாகி மூச்சு உயிராகும் இந்தப் பொருள்வழி முழுவதும் தமிழில் ஒரே சொல்லுக்குள் கிடக்கிறது: ஆவி. இதைவிடப் பொருத்தமாக ஒரு மொழிபெயர்ப்பு வாய்ப்பது அரிது.

---

பொருள்: மறுமொழி: ஆவி

ஆவி என்பது சரி. ஆனால் வெறும் 'ஆவி' கொதிகலனுக்கும் போகும், இட்லிப்பானைக்கும் போகும். இந்த ஆவிக்கு ஓர் அடையாளம் தேவை, அதற்குக் கணக்கோடு ஒரு காரணமும் உண்டு.

10 கனமீட்டர் அறை, 90 பாகை, ஈரப்பதம் 10 விழுக்காடு என்று வைப்போம். ஒரு கனமீட்டர் காற்றில் சுமார் 42 கிராம் நீராவி. பனிநிலை, அதாவது ஆவி நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, 39 பாகை. தோலின் வெப்பம் 40-ஐ ஒட்டி இருப்பதால் அதில் எதுவும் படியாது, வியர்வை உலர்ந்துகொண்டே இருக்கும். இப்போது ஓர் அகப்பை, 200 மில்லிலிட்டர், கல்லில் வார்க்கிறோம். கனமீட்டருக்கு 20 கிராம் கூடிப் பனிநிலை 46-ஐத் தாண்டுகிறது. தோல் அதைவிடக் குளிர்ந்திருப்பதால் ஆவி தோலில் நீராகப் படிகிறது. படியும் ஒவ்வொரு கிராமும் சுமார் 2,400 ஜூல் வெப்பத்தை இறக்கிவிட்டுப் போகும். சுவரிலிருக்கும் வெப்பமானி கிட்டத்தட்ட அப்படியே நிற்க, முதுகு மட்டும் பற்றுவதுபோல் இருப்பது இதனால்தான். ஓரிரு நிமிடத்தில் காற்றோட்டம் அதை வெளியே இழுத்துவிடும், மறுபடி உலர்சூடு.

கொதிகலன் ஆவி நில்லாமல் வந்து அறையை நிரப்பும். இது கல்லிலிருந்து எழுந்து, தொட்டு, போய்விடும். ஆகவே கல்லாவி. ஊத்தங்கரைப் பக்கம் கல்லாவி என்றே ஓர் ஊர் இருக்கிறது, சூழலில் குழப்பம் வராது.

வினைக்கு 'ஆவி விடுதல்' அறவே கூடாது, அது சாவைக் குறிக்கும். 'ஆவி எழுப்புதல்' பேயோட்டுவதுபோல் ஒலிக்கிறது. 'கல்லாவி வார்த்தல்' என்று முன்மொழிகிறேன். வார்த்தல் என்பதில் அளவும் நிதானமும் இருக்கிறது. வாளியோடு கவிழ்ப்பவர் கல்லைக் குளிரவைப்பார், பக்கத்திலிருப்பவர் காதைச் சுடுவார். அகச்சிவப்புக் கதிரால் உடலைச் சூடேற்றும் பெட்டிகளில் கல்லும் இல்லை, வார்ப்பதற்கு இடமும் இல்லை. அங்கே மின்தகட்டில் நீர் ஊற்றினால் மின்கசிவு. அவற்றைச் சவுனா என்று விற்கிறார்கள், நம் பட்டியலில் அகச்சிவப்பு வெப்பப்பெட்டி என்று தனிப்பதிவாக இருக்கட்டும்.

---

பொருள்: மறுமொழி: கல்லாவி

ஐயா, கல்லாவியை மனமார ஏற்கிறேன்.

'குளியல்' என்ற ஒட்டையும் கழற்றிவிடலாம். சவுனாவில் குளிப்பது உள்ளே போகுமுன்னும் வெளியே வந்தபின்னும். உள்ளே செய்வது காய்தல். வெயில் காய்கிறோம், குளிர் காய்கிறோம். அகலாது அணுகாது தீக்காய்பவரைக் குறள் காட்டுகிறது. 'சவுனா காய்தல்' என்றால் தமிழ் வாசகருக்கு விளக்கம் தேவைப்படாது. அளவோடு என்ற எச்சரிக்கையும் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது.

பதிவின் மருத்துவக் குறிப்பை இப்படி எழுதியிருக்கிறேன், திருத்துங்கள்:

'ஒரு சுற்று 5 முதல் 20 நிமிடம். பிறகு வெளியே வந்து உடல் தணியும்வரை ஓய்வு. இரண்டு மூன்று சுற்று போதும். இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டும், சிலருக்கு 150 வரையும் போகும். தோலின் இரத்தக்குழாய்கள் விரிந்திருப்பதால் சட்டென்று எழுந்தால் இரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். மேற்பரணிலிருந்து இறங்கிக் கீழ்ப்பரணில் ஓரிரு நிமிடம் உட்கார்ந்து எழவேண்டும். அரை லிட்டர் அளவு வியர்வை போகும், அதை நீராகக் குடித்து ஈடுசெய்யவேண்டும். உடல் எடை குறைந்ததாகக் காட்டுவதும் இந்த நீர்தான். அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள், ஓய்விலும் நெஞ்சுவலி உள்ளவர்கள், பெருந்தமனி வால்வு கடுமையாகச் சுருங்கியவர்கள் போகக் கூடாது. மது அருந்திவிட்டுப் போவது உயிருக்கு ஆபத்து.'

'நச்சு நீக்கம்' என்ற விளம்பரச் சொல்லைப் பதிவில் சேர்க்கவில்லை. வியர்வை பெரும்பாலும் நீரும் உப்பும். நச்சை நீக்குவது கல்லீரலும் சிறுநீரகமும்.

---

பொருள்: மறுமொழி: கல்லாவி

இன்னும் இரண்டு சொல் பாக்கி.

பிர்ச் மரத்தின் இலைக்கொத்தால் உடலைத் தட்டிக்கொள்வார்கள். மேற்கில் 'விஹ்தா', கிழக்கில் 'வஸ்தா' என்று பின்லாந்துக்குள்ளேயே பெயர் வேறு. நடுக்கோடையில் இலை முற்றிக் காம்பு உறுதியானதும் ஒடித்துக் கட்டிக் காயவைப்பது வழக்கம். காய்ந்ததை வெந்நீரில் ஊறவைத்தால் மணம் திரும்பும். 'துடைப்பம்', 'விளக்குமாறு' என்று வந்த மொழிபெயர்ப்புகளைப் பார்க்கவே மனம் நோகிறது. வேப்பங்குழை என்கிறோமே, அந்தக் குழை போதும்: பூர்ச்சக் குழை. பூர்ச்சம் பிர்ச்சின் இமயமலை இனத்துக்கு வழங்கும் பெயர்தான்.

அடுத்தது புகைபோக்கியே இல்லாத பழைய வகை, புகைச்சவுனா. கல் குவியலின் அடியில் ஐந்தாறு மணி நேரம் விறகு எரித்து, தணல் முழுக்க அவிந்தபின் சுவரின் மேலிருக்கும் சிறு திறப்பால் புகையை வெளியேற்றி, முதல் அகப்பையை ஆளில்லாமல் வார்த்து, நச்சுக்காற்று போனபிறகே உள்ளே போவார்கள். தணல் மிச்சமிருக்க உள்ளே போனால் கார்பன் மோனாக்சைடு கொன்றுவிடும். ஆளில்லாமல் வார்க்கும் அந்த முதல் ஆவிக்குப் பின்னியத்தில் தனிப்பெயரே உண்டு. 'கழிப்பாவி' என்று எழுதிப் பார்த்தேன், 'பாவி' காதில் விழுகிறது. 'நச்சுப்போக்கு ஆவி' நீளம். இதற்கு மட்டும் சொல் கிடைக்கவில்லை, பட்டியலில் இடம் விட்டுவைக்கிறேன்.