முப்பதாயிரம் ரூபாய்க்கு ரப்பரா?

வில்சுருள்:
முப்பதாயிரத்துக்கு எந்தக் கீபோர்டு வாங்கலாம்னு இந்த ஃபோரத்துல பக்கத்துத் திரியில் ஒருத்தர் கேட்டதுக்கு, தொக்குமன்னன் அருள்வாக்கு சொல்லியிருக்கார்: "முப்பதாயிரம் கையில இருந்தா ஹெச்ஹெச்கேபி தவிர வேற மெக்கானிக்கல் கீபோர்டைத் திரும்பிக்கூடப் பாக்காதீங்க." படிச்சதும் காபி புரையேறிடுச்சு. அந்த ஹெச்ஹெச்கேபியை, அதான் ஹேப்பி ஹேக்கிங் கீபோர்டை, யாராவது திறந்து பாத்திருக்கீங்களா? பலகையைப் பிரிச்சா ஒவ்வொரு கீக்கும் அடியில ரப்பர் குமிழ். ஆபீஸ்ல குடுக்கிற ஐந்நூறு ரூபா கீபோர்டுலயும் ரப்பர் குமிழ்தான். அப்புறம் என்ன மெக்கானிக்கல்? கீயை ஸ்பிரிங் தாங்கினாதானே அந்தப் பேரு?

தொக்குமன்னன்:
அண்ணன் ரப்பரோட நின்னுட்டார். குமிழைத் தூக்கினா கூம்பு வடிவத்துல குட்டி ஸ்பிரிங் ஒண்ணு இருக்கும். அழுத்த அழுத்த அது சுருங்கும், கெபாசிட்டன்ஸ், அதாவது மின்னூட்டத்தைத் தேக்குற அளவு, மாறும், போர்டு அதை வெச்சு எழுத்தைப் பிடிச்சுக்கும். உலோகத்தோட உலோகம் தொட வேண்டியதே இல்ல. உங்க ஐந்நூறு ரூபா சாமான்ல ரெண்டு பிளாஸ்டிக் தாள் ஒட்டினாதான் எழுத்து விழும், அதனால அடிவரைக்கும் குத்தணும். ஹெச்ஹெச்கேபில இருக்கிற இந்த டோப்ரே சுவிட்சுல, கீ இறங்குற நாலு மில்லிமீட்டர்ல பாதி இறங்கினாலே போதும். இது ரெண்டும் ஒண்ணா?

வில்சுருள்:
அந்தக் குட்டி ஸ்பிரிங் உங்க விரலை எவ்வளவு தாங்குது? அதைச் சொல்லுங்க. கீயை அழுத்த 45 கிராம் விசைன்னு போட்டிருக்கிறதுல பெரும்பங்கைத் தாங்குறது ரப்பர். விரலுக்குத் தெரியுறதும் ரப்பர். கெபாசிட்டன்ஸை விரலா தொடப்போகுது?

பிரவுன்பிரியன்:
ரெண்டு பேரும் கொஞ்சம் மூச்சு விடுங்க பாஸ். செர்ரி எம்எக்ஸ் பிரவுன்னு ஒரு சுவிட்ச் வகை இருக்கு. தனி சுவிட்ச், ஸ்பிரிங், தங்கம் கலந்த தொடுமுனை. சத்தமும் அதிகம் இல்ல. மேல மாட்டுற கீகேப்பும் ஊரெல்லாம் கிடைக்கும்.

வில்சுருள்:
பிரவுனா? சுவிட்சுக்குள்ள மணல் போன மாதிரி ஒரு நெருடல், அதுக்குப் பேரு டாக்டைல். நாங்க ரப்பரைப் பத்திப் பேசிட்டிருக்கோம் தம்பி.

தொக்குமன்னன்:
சரி, வில்சுருள் ஐயாவோட குலதெய்வத்தையும் பிரிச்சுப் பாத்துடலாம். 1985ல வந்த ஐபிஎம் மாடல் எம் கீபோர்டு. ஸ்பிரிங் வளையும், டக்குனு சத்தம் வரும், கீழே இருக்கிற சுத்தியல் சாயும். சாய்ஞ்சு எது மேல விழுது? மெம்பரேன் மேல! அதே ஐந்நூறு ரூபா பிளாஸ்டிக் தாள் சமாச்சாரம். முன்னாடி வந்த மாடல் எஃப்ல கெபாசிட்டிவ்தான் இருந்துச்சு. செலவைக் குறைக்க அதைத் தூக்கிட்டு மெம்பரேன் போட்டாங்க. கணக்குப் பாத்தா மாடல் எஃப்புக்கு டோப்ரேதான் கிட்டத்துச் சொந்தம்.

வில்சுருள்:
மெம்பரேன் இருக்கட்டும். ரப்பர் இருக்கா? இல்லையே! விரல்ல படுறது முழுக்க ஸ்பிரிங். என் மாடல் எம் ரெண்டு கிலோவுக்கு மேல. நாப்பது வருஷத்துக்கு முன்னாடி செஞ்சது இன்னைக்கும் ஓடுது. ரப்பர் நாப்பது வருஷம் தாங்குமா?

நைட்ஷிஃப்ட்:
உங்க மாடல் எம் தாங்கும் சார், அது போடுற சத்தத்தைப் பக்கத்து ரூம்ல தூங்குறவங்க தாங்க மாட்டாங்க.

சும்மாகேட்டவன்:
அண்ணன்மாரே, பக்கத்துத் திரியில கேள்வி கேட்டதே நான்தான். ராத்திரி ப்ரோகிராம் கோடு எழுதுவேன், தமிழ்99 விசைப்பலகை அமைப்புல நிறைய அடிப்பேன். ஹெச்ஹெச்கேபில தனி ஆரோ கீ இல்லையாமே? அதுக்குப் பதிலா எஃப்என் கீயோட [ ; ' / இந்த நாலுல ஒண்ணை அழுத்தணும்னு படத்துல பாத்தேன். தமிழ்99ல அது ச, ந, ய, ழ இருக்கிற இடம். குழப்புமா?

தொக்குமன்னன்:
கொஞ்ச நாள்ல விரல் பழகிடும். கன்ட்ரோல் கீ 'அ'வுக்குப் பக்கத்துல, கேப்ஸ் லாக் இருக்க வேண்டிய இடத்துல இருக்கும். கோடு எழுதுறவனுக்கு அது வரம். ஹெச்ஹெச்கேபியை வடிவமைச்ச டோக்கியோ பல்கலைக்கழகப் பேராசிரியர் எய்இட்டி வாடா அதைச் சும்மா அங்க வைக்கல. குதிரையை விட்டுட்டாலும் சேணத்தை விடாத கௌபாய் மாதிரி, கம்ப்யூட்டர் மாறினாலும் கீபோர்டை விடக்கூடாதுன்னு சொன்னவர் அவர்.

வில்சுருள்:
சேணம் தோல்ல செய்வாங்க, ரப்பர்ல இல்ல. முதல் ஹெச்ஹெச்கேபி வந்தது 1996ல. டோப்ரே உள்ள வந்தது 2003ல ப்ரொஃபஷனல் மாடல் வந்தப்பதான். பேராசிரியர் யோசிச்சது கீ எங்கெங்க இருக்கணும்னு. ரப்பருக்கு அவரைச் சாட்சிக்கு இழுக்காதீங்க.

பிரவுன்பிரியன்:
இந்தக் காலத்துல தமிழ்99 எதுக்கு? இங்கிலீஷ் எழுத்துல அடிச்சா தானா தமிழ் வந்துட்டுப் போகுது.

சும்மாகேட்டவன்:
"அம்மா"வுக்கு உங்களுக்கு அஞ்சு தட்டு, எனக்கு நாலு. அ, ம, ம, ஆ. புள்ளி தானா விழும்.

பிரவுன்பிரியன்:
ஒரு தட்டு மிச்சம் பண்ணி என்ன கோட்டை கட்டப்போறீங்க?

நைட்ஷிஃப்ட்:
1999லயே அரசாங்கம் தரப்படுத்திக் குடுத்தாச்சு. இன்னும் ஆங்கிலத்தைப் பிடிச்சுத் தொங்கிட்டிருக்கிறவங்களுக்குப் பிரவுன்தான் பொருத்தம்.

பிரவுன்பிரியன்:
போன தீபாவளிக்கு என்கிட்ட கீகேப் செட் வாங்கிட்டு, ஸ்பேஸ்பார் வளைஞ்சிருக்குன்னு பாதிப் பணத்தைப் பிடிச்சுக்கிட்டவர் தரத்தைப் பத்திப் பேசுறார்.

நைட்ஷிஃப்ட்:
வளைஞ்சுதான் இருந்துச்சு. படம் அனுப்பினேன், பாத்துட்டுப் பதிலே போடல. இங்கயும் போடவா?

வில்சுருள்:
உங்க பஞ்சாயத்தைத் தனி மடல்ல வெச்சுக்குங்க. தொக்குமன்னன் இன்னும் பதில் சொல்லல. ரப்பரை எடுத்துட்டா அந்தக் கீ மேல எழும்புமா, எழும்பாதா?

தொக்குமன்னன்:
உங்க ஸ்பிரிங்கை எடுத்துட்டா உங்க கீ எழும்புமா?

வில்சுருள்:
ஸ்பிரிங் மெக்கானிக்கல். ரப்பர் ரப்பர்.

சும்மாகேட்டவன்:
ரியல்ஃபோர்ஸ்னு ஒண்ணு இருக்காமே, டோப்ரேதான், ஆரோ கீயும் உண்டுன்னாங்க. அது எப்படி?

வில்சுருள்:
அதுவும் ரப்பர்தான் தம்பி.

தொக்குமன்னன்:
தம்பி, அவர் பேச்சைக் கேட்டு மாடல் எம் வாங்கினா முதல்ல திருப்பிப் போட்டுக் குலுக்கிப் பாருங்க. உள்ள பிளாஸ்டிக் ரிவெட் உடைஞ்சு கடகடன்னு உருளும். நாப்பது வருஷம் ஓடுதாம்! விண்டோஸ் கீகூடக் கிடையாது அதுல.

வில்சுருள்:
ரிவெட் போனா போல்ட் போட்டு முடுக்கிக்கலாம். எல்லாரும் செய்யுறதுதான். உங்க ரப்பர் தளர்ந்தா எதைப் போட்டு முடுக்குவீங்க? திறந்து படம் போடுங்க, அப்புறம் பேசலாம்.

தொக்குமன்னன்:
நீங்க முதல்ல ரிவெட் ஒண்ணுகூடப் போகாத மாடல் எம்மைத் திறந்து படம் போடுங்க. காத்திருக்கேன்.