தமிழ்ப் பெயருள்ள கோப்புறையில் ஆண்ட்ராய்டு திட்டம் ஓட மறுக்கிறது

கரும்பலகை கேட்டது:

வணக்கம். ஒன்பதாம் வகுப்புக்குத் தமிழ் நடத்துகிறேன். நிரல் எழுதுவது மாலை நேர ஆசை. தினம் ஒரு பழமொழியைக் காட்டும் சிறிய செயலி ஒன்றை என் முன்னாள் மாணவன் எழுதிக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டான். அவன் அனுப்பிய ஜிப் கோப்பை டெஸ்க்டாப்பில் விரித்து, கோப்புறைக்குப் "பழமொழி" என்று பெயர் வைத்து, செயலி எழுதும் மென்பொருளான ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவில் திறந்தேன். நிரலைச் செயலியாகக் கட்டித் தரும் கிரேடில் என்ற கருவி ஓடத் தொடங்கியதுமே சிவப்பில் ஒரு செய்தி: திட்டம் இருக்கும் பாதையில் ஆஸ்கி (அடிப்படை ஆங்கில எழுத்துகள், எண்கள், குறிகள்) அல்லாத எழுத்துகள் இருக்கின்றனவாம், வேறு இடத்துக்கு மாற்ற வேண்டுமாம்.

கணினி விண்டோஸ் 11. அதில் என் கணக்கின் பெயரும் தமிழில்தான்: மலர். பழமொழிச் செயலிக்குத் தமிழில் பெயர் வைக்கக் கூடாதென்றால் வேறு எதற்குத்தான் வைப்பது? உள்ளே இருக்கும் பழமொழிகளையும் ஆங்கில எழுத்தில் மாற்றச் சொல்லிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

தெருவிளக்கு:

அந்தச் செய்தியின் கடைசி வரியிலேயே வழி இருக்கிறது, டீச்சர். கிரேடில் புராப்பர்ட்டீஸ் என்ற அமைப்புக் கோப்பில் "ஓவர்ரைடு பாத் செக்" என்ற வரியை அவர்கள் கொடுத்தபடியே சேர்த்துவிடுங்கள். வேலை முடிந்தது.

கரும்பலகை:

சேர்த்தேன், தம்பி. சிவப்புச் செய்தி போய்விட்டது. ஆனால் செயலி சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க மாணவன் எழுதி வைத்த சோதனைகளை ஓட்டினால், "கிரேடில் வொர்க்கர் மெயின்" என்ற கிளாஸைக் (நிரல் பகுதியைக்) காணவில்லை என்று சொல்லி நின்றுவிடுகிறது.

பழைய விசைப்பலகை:

நிற்கத்தான் செய்யும். அந்த வரி நோயைத் தீர்க்காது, நோயாளியின் வாயைத்தான் பொத்தும்.

நடப்பது இதுதான். கிரேடில் ஓடுவது ஜாவா என்ற நிரல் இயக்கியின் மேல். சோதனைகளை ஓட்டுவதற்கு அது தனியாக இன்னொரு ஜாவாவை எழுப்புகிறது. அதற்கு வேண்டிய ஜார் கோப்பு (ஜாவா நிரல்களின் பொதி) உங்கள் பயனர் கோப்புறைக்குள்ளே, கிரேடிலின் சேமிப்பில் இருக்கிறது. அந்தப் பாதையை இந்த ஜாவா அந்த ஜாவாவிடம் ஒப்படைக்கும்போது விண்டோஸின் பழைய எழுத்துப் பட்டியல் வழியாகப் போகிறது. பிரெஞ்சு, ரஷ்யன், கிரேக்கம் ஆகியவற்றுக்கெல்லாம் அந்தக் காலத்துப் பட்டியல் உண்டு. தமிழுக்கு விண்டோஸில் அப்படி ஒன்று இருந்ததே இல்லை. நேராக யூனிகோடுக்கு வந்துவிட்டோம். ஆகவே பட்டியலில் இல்லாத ஒவ்வொரு குறியும் கேள்விக்குறியாகிவிடுகிறது. "மலர்" என்பது யூனிகோடில் நான்கு குறிகள்: ம, ல, ர, மேலே ஒரு புள்ளி. எனவே நான்கு கேள்விக்குறிகள் கொண்ட கோப்புறையைத் தேடிப் போய், காணோம் என்று திரும்புகிறது. ஜாவா 18 முதல் யூடிஎஃப்-8 (யூனிகோட் எழுத்தைச் சேமிக்கும் முறை) இயல்பாகிவிட்டதே என்று யாராவது வரலாம். அது கோப்புக்குள் இருக்கும் எழுத்துக்கு. பாதையின் பெயருக்கு அது உதவாது.

கணக்கின் பெயரை மட்டும் இப்போது மாற்றிப் பயனில்லை. திரையில் பெயர் மாறும், கோப்புறை "மலர்" என்றே நிற்கும். ஆங்கில எழுத்தில் புதிய கணக்கு ஒன்றைத் திறந்து, சி டிரைவில் நேராக ஓர் ஆங்கிலப் பெயர்க் கோப்புறை போட்டு, திட்டத்தை அங்கே வையுங்கள். முன்பு சேர்த்த அந்த "ஓவர்ரைடு பாத் செக்" வரியையும் நீக்கிவிடுங்கள்.

பழமொழிகளைத் தொட வேண்டாம். அவை எக்ஸ்எம்எல் கோப்பில் யூடிஎஃப்-8 ஆக இருக்கின்றன; பாதைக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. கைப்பேசியில் ஐகானுக்குக் கீழே "பழமொழி" என்று தமிழிலேயே வரும். செயலியைக் கணினிக்கு அடையாளம் காட்டும் பேக்கேஜ் பெயர் மட்டும் ஆங்கில எழுத்தில் இருந்தாக வேண்டும்.

தெருவிளக்கு:

புதிய கணக்கெல்லாம் எதற்கு? விண்டோஸின் வட்டார அமைப்புகளில் "உலக மொழிகளுக்கு யூடிஎஃப்-8" என்று ஒரு பெட்டி இருக்கிறது. அதை டிக் செய்து கணினியை மீண்டும் தொடங்கினால் போதுமே.

பழைய விசைப்பலகை:

பெரும்பாலும் போதும். ஆனால் அது கணினி முழுவதையும் மாற்றும் பொத்தான். பக்கத்தில் இன்னும் "பீட்டா" என்றே எழுதியிருக்கிறது. யூனிகோட் அறியாத பழைய நிரல்கள் அதற்குப் பிறகு கிறுக்கத் தொடங்கும். டீச்சர் கணினியில் பழைய வினாத்தாள்கள் 1999-இல் தமிழக அரசு அறிவித்த டாம், டாப் குறியாக்கங்களில் இருந்து, அவற்றைத் திறக்கும் பழைய மென்பொருளும் இருந்தால், அரையாண்டுத் தேர்வு நேரத்தில் உங்களைத்தான் தேடுவார்.

கரும்பலகை:

இருக்கின்றன, ஐயா, நிறையவே. புதிய கணக்கே திறந்துவிட்டேன். பாதைச் சிக்கல் போயிற்று. இப்போது வேறொன்று: "அன்சப்போர்ட்டட் கிளாஸ் ஃபைல் மேஜர் வெர்ஷன் 65". முன்பு வராத பிழை இது. புதிய கணக்கில் ஸ்டூடியோவின் அமைப்புகள் எல்லாம் புதிதாகத் தொடங்கின.

பழைய விசைப்பலகை:

அதனால்தான். அந்தப் பிழையில் வரும் எண்ணில் 44-ஐக் கழித்தால் ஜாவாவின் எண் கிடைக்கும். 65-இல் 44 போனால் 21. ஸ்டூடியோ தன்னோடு வந்த ஜாவா 21-ஐ எடுத்துக்கொண்டது. பழைய கணக்கில் வேறு ஜாவா தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கும். திட்டத்துக்குள் கிரேடில், ராப்பர் என்ற கோப்புறைகளைத் தாண்டிப் போனால் ஒரு புராப்பர்ட்டீஸ் கோப்பு இருக்கும். அதில் கிரேடில் எண் என்ன?

கரும்பலகை:

7.5.

பழைய விசைப்பலகை:

ஜாவா 21-இல் ஓடத் தெரிந்த முதல் கிரேடில் 8.5. உங்களுடையதை அதற்கு உயர்த்தலாம். உயர்த்தினால், ஆண்ட்ராய்டு செயலி கட்டக் கிரேடிலுக்குக் கைகொடுக்கும் ஆண்ட்ராய்டு பிளக்இன்னும் கூடவே உயர வேண்டிவரும், பிளக்இன் 8-க்குப் போனால் நேம்ஸ்பேஸ் என்ற வரி எங்கே என்று அது கேட்கும். மாணவன் பக்கத்தில் இல்லாதபோது அந்தச் சங்கிலியை இழுக்க வேண்டாம். அமைப்புகளில் "பில்ட் டூல்ஸ்", அதற்குள் "கிரேடில்" என்று போய், கிரேடில் ஜேடிகே (கிரேடில் பயன்படுத்தும் ஜாவா) என்ற இடத்தில் 17-ஐத் தேர்ந்தெடுங்கள். பட்டியலில் இல்லையென்றால் அங்கேயே பதிவிறக்கலாம்.

கரும்பலகை:

ஓடிவிட்டது! சோதனைகள் எல்லாம் பச்சை. இதை அப்படியே ஜிப் செய்து சக ஆசிரியர் ஒருவருக்கு அனுப்பலாமா?

பழைய விசைப்பலகை:

"லோக்கல் புராப்பர்ட்டீஸ்" கோப்பை நீக்கிவிட்டு அனுப்புங்கள். எஸ்டிகே (ஆண்ட்ராய்டு செயலி கட்டும் கருவித் தொகுப்பு) உங்கள் கணினியில் எங்கே இருக்கிறது என்பதுதான் அதில் எழுதியிருக்கும். அவர் திறக்கும்போது ஸ்டூடியோ அவருக்குப் புதிதாக ஒன்று எழுதிக்கொள்ளும். கட்டும்போது உருவாகும் பில்ட் கோப்புறையும் வேண்டாம், வீண் சுமை. அவருடைய கணக்கின் பெயர் எந்த எழுத்தில் இருக்கிறது என்று மட்டும் முதலில் கேட்டுவிடுங்கள்.