கட்சியில் சேர்வதா, சுயேச்சையான இயக்கத்துக்கு உழைப்பதா?

நீர்முள்ளி:
ஆற்றில் ஆலைக் கழிவு கலப்பதை நிறுத்த வேண்டும். எக்கட்சியையும் சாராத ஓர் இயக்கம் இதற்காகப் போராடி வருகிறது. 'கட்சிக்குள் போனால்தான் காரியம் நடக்கும்' என்றும் சிலர் சொல்கிறார்கள். வாரத்துக்கு நாலு மணி நேரம்தான் ஒதுக்க முடியும். எங்கே கொடுப்பது? இரண்டிலும் இருக்கலாமா?

வேம்படி:
முதலில் ஒரு தாளில் எழுதுங்கள்: வேண்டிய முடிவு என்ன, அதில் கையெழுத்துப் போடுபவர் யார், எந்தத் தேதிக்குள். 'ஆறு சுத்தமாக வேண்டும்' என்பதை வைத்துக்கொண்டு யாரிடமும் போய் நிற்க முடியாது. 'அந்த ஆலையின் உரிமத்தைப் புதுப்பிக்காதே' என்றால் முடியும்.

கையெழுத்துப் போடுபவர் ஓர் அதிகாரி என்றால் இயக்கமே போதும். மனு, ஆய்வறிக்கை, வழக்கு எதற்கும் உறுப்பினர் அட்டை தேவையில்லை. நீர் மாதிரி எடுக்கும்போது மட்டும் கவனம்: கழிவு விழும் இடத்துக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று, இரண்டும் ஒரே நாளில். ஐஸ் பெட்டியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்த்துவிடுங்கள். கீழே மட்டும் எடுத்தால், 'மேலிருந்தே அப்படித்தான் வருகிறது' என்று ஆலை தப்பித்துவிடும்.

சட்டமே மாற வேண்டும் என்றால் கதை வேறு. சபையில் கை தூக்க ஆள் வேண்டும். பெரும்பாலும் அந்த ஆளை நிறுத்துவது கட்சிதான்.

கல்தூண்:
சேருமுன் கட்சியின் அமைப்பு விதிகளை வாங்கிப் படியுங்கள். உறுப்பினராகி எத்தனை மாதம் கழித்து உட்கட்சித் தேர்தலில் வாக்கு? வேட்பாளரை உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்களா, தலைமை அறிவிக்கிறதா? தலைமையே அறிவிக்கும் கட்சியில் உங்கள் நாலு மணி நேரமும் சுவரொட்டி ஒட்டுவதிலும் ஆள் திரட்டுவதிலும் போய்விடும்.

உறுப்பினருக்கு உண்மையிலேயே வாக்கு இருக்கிற கட்சியில் கிளைக் கூட்டம் பெரிய ஆயுதம். வழக்கமாகப் பதினைந்து பேர் வரும் கிளையில் எட்டுக் கை உயர்ந்தால் தீர்மானம் நிறைவேறும். தீர்மானத்தை எழுத்தில், முன்கூட்டியே செயலாளரிடம் கொடுங்கள். நடவடிக்கைக் குறிப்பேட்டில் ஏறியதா என்று அன்றே பாருங்கள். ஏறாவிட்டால் மாநாட்டுக்குப் போகாது. கேட்டால் 'அப்படியொன்று வரவே இல்லை' என்பார்கள்.

தாழம்பூ:
நடுவே இன்னொரு வழியும் உண்டு. பிரிட்டனில் மில்லிசென்ட் பாசெட் தலைமையிலான பெண்கள் வாக்குரிமைக் கூட்டமைப்பு எந்தக் கட்சியோடும் சேராமல் இருந்தது. பெண்களை விட்டுவிடும் எந்த வாக்குரிமை மசோதாவையும் ஏற்க மாட்டோம் என்று தொழிற்கட்சி 1912 மாநாட்டில் தீர்மானித்தது. அதன் பிறகே கூட்டமைப்பு தனி நிதி திரட்டி, இடைத்தேர்தல்களில் அக்கட்சி வேட்பாளர்களுக்கு உழைத்தது. அப்போதும் அது தனி அமைப்புதான். முதலில் எழுத்தில் வாக்குறுதி, பிறகு உழைப்பு என்ற அந்த வரிசை முக்கியம். தேர்தல் முடிந்த பிறகு போய்க் கேட்டால் எவரும் காது கொடுப்பதில்லை.

இயக்கமே கட்சியானால் என்ன ஆகும் என்பதற்கு ஜெர்மனியின் பசுமைக் கட்சி இருக்கிறது. 1980-இல் தொடங்கி, 1983-இல் 5.6 சதவீத வாக்கோடு நாடாளுமன்றம் போனார்கள். பதவி ஆசை ஒட்டிக்கொள்ளக் கூடாது என்று பாதிக் காலத்தில் உறுப்பினர்களை மாற்றும் விதியும் வைத்திருந்தார்கள். நல்ல எண்ணம்தான்; ஆனால் வேலை கைவந்த நேரத்தில் ஆளை மாற்ற வேண்டி வந்தது. பிறகு அந்த விதியையே கைவிட்டார்கள்.

நீர்முள்ளி:
எங்கள் கோரிக்கை உரிமம் பற்றியதுதான். அப்படியானால் இயக்கம். கூடவே கட்சி உறுப்பினராகவும் இருந்தால் சிக்கலா?

வேம்படி:
இரண்டின் விதிகளையும் பாருங்கள். வேறு அமைப்பில் இருக்கக் கூடாது என்று சில கட்சிகள் விதி வைத்திருக்கின்றன. தடை இல்லையென்றால் சாதாரண உறுப்பினராக இருக்கலாம், ஆனால் இயக்கத்தின் பேச்சாளராகவோ பொருளாளராகவோ வேண்டாம். ஆலைத் தரப்பு முதலில் கிளப்புவது 'இது கட்சி வேலை' என்பதைத்தான். இயக்கத்தின் வங்கிக் கணக்கில் இரண்டு பேர் கையெழுத்து கட்டாயமா, வரவு செலவை உறுப்பினர்களுக்குக் காட்டுகிறார்களா என்று நன்கொடை கொடுக்குமுன் கேளுங்கள்.